கூகையும் உண்ணியும்: செம்பனைக் காட்டில் யார் பலசாலி?

செம்பனைக் காட்டுக்குள் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். மர வரிசைக்கு நடுவே ஒரு கம்பம், அதன் உச்சியில் ஒரு பெட்டி. தேனீ வளர்க்கிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. அது கூகை குடியிருக்கத் தோட்ட நிர்வாகம் வைத்த கூட்டுப் பெட்டி. அதே தோட்டத்தின் லயத்து வாசலில் படுத்திருக்கும் நாயின் காது மடலைத் திருப்பிப் பார்த்தால், சாம்பல் நிறத்தில் பருத்துப்போன உண்ணிகள் நாலைந்து இருக்கும். அதற்கு யாரும் பெட்டி வைக்கவில்லை, சோறு போடவில்லை. அது பாட்டுக்கு நன்றாகவே இருக்கிறது.

மலேசியாவில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டது கோல சிலாங்கூர் மாவட்டத்தில், பத்தாங் பெர்ஜுந்தையை ஒட்டிய தென்னமரம் எஸ்டேட்டில். 1917-ல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கி வைத்தார். ஊருக்கு இப்போது அரசாங்கப் பெயர் பெஸ்தாரி ஜெயா. இந்த மாதிரி எஸ்டேட் டவுன்களில் பறவைக்கும் பூச்சிக்கும் நம்மவர்கள் கொடுத்திருக்கும் மரியாதையே தனி. கோயில் கும்பாபிஷேகத்தில் கோபுரத்துக்கு மேலே கருடன் வட்டமிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். கூகை அலறினால் வீட்டில் ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று பயப்படுகிறோம். உண்ணியைப் பார்த்தால் பயமும் இல்லை, பக்தியும் இல்லை. பிடுங்கிச் செருப்பால் தேய்த்துவிட்டுப் போகிறோம். என்னைக் கேட்டால் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. கூகையைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமே இல்லை. உண்மையில் கவனிக்க வேண்டிய ஆள் அந்தச் செருப்படி வாங்குகிறவர்தான்.

(கருடன் விஷயத்தில் சின்னதாக ஒன்று. நாம் கும்பிடும் செம்பருந்து கடலோரத்திலும் ஆற்றோரத்திலும் செத்த மீனையும் கழிவையும் பொறுக்கித் தின்னத் தயங்காத பறவை. கோல சிலாங்கூர் ஆற்றில் படகில் போய் அதற்கு இரை வீசுவது சுற்றுலாக்காரர்களுக்கு ஒரு வேடிக்கை. கம்பீரத்துக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை போலிருக்கிறது.)

கூகையையும் உண்ணியையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. இரண்டும் தானாக உணவு உண்டாக்கத் தெரியாதவை, செடி கொடியைத் தின்னாதவை, இன்னோர் உயிரின் உடம்பை நம்பிப் பிழைப்பவை. செம்பனைக் காட்டு எலி ஒன்றின் காதோரத்தில் உண்ணி ரத்தம் குடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், அதே எலியைத் தூக்கப் பத்தடி உயரத்தில் கூகை பறந்து வரலாம். இரண்டு பேருக்கும் ஒரே எலிதான் சாப்பாடு. சாப்பிடும் முறைதான் வேறு.

அந்த வேறுபாட்டைச் சார்லஸ் எல்டன் என்ற ஆங்கிலேய உயிரியலாளர் 1927-லேயே வட்டிக்கடைக் கணக்கில் சொல்லிவிட்டார். வேட்டையாடுகிற பிராணி முதல் பணத்தைத் தின்கிறது, ஒட்டுண்ணி அதிலிருந்து வரும் வரும்படியைத் தின்கிறது என்றார். கூகைக்கு எலி ஒரு வேளைச் சாப்பாடு. தின்றதும் கணக்கு முடிந்தது, அடுத்த எலியைத் தேட வேண்டும். உண்ணிக்கு எலி உயிரோடு இருக்க வேண்டும், ஓட வேண்டும், தின்ன வேண்டும், புது ரத்தம் ஊற வேண்டும். முதல் பணத்தில் கை வைத்தால் உண்ணிக்கும் நஷ்டம்.

கேட்பதற்கு எளிதான இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் மற்ற எல்லாமே கிளம்புகின்றன. கொல்ல வேண்டியவன் இரையைவிடப் பெரியவனாக, வலுவானவனாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவன் எண்ணிக்கையில் கொஞ்சமாகத்தான் இருக்க முடியும். ஒட்டிப் பிழைக்கிறவன் சின்னவனாக இருந்தால்தான் தப்பிப்பான். சின்னவன் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். கூகைக்குக் கண், காது, இறகு, நகம் என்று ஏகப்பட்ட கருவி தேவைப்படுகிறது. உண்ணிக்குப் பொறுமையும் எச்சிலும் போதும்.

முதலில் கூகையின் கருவிகளைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அவை அற்புதமானவை. கூகையின் முகம் இதய வடிவத்தில் தட்டையாக இருப்பது அழகுக்காக இல்லை. அந்த முக இறகுகள் சத்தத்தைத் திரட்டிக் காதுக்குள் அனுப்புகின்றன. இரண்டு காதுகளும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று சற்று மேலே, மற்றது கீழே. இதனால் ஒரு சத்தம் இடமா வலமா என்பதோடு மேலேயா கீழேயா என்பதும் அதற்குத் தெரிந்துவிடும். ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் துளி வெளிச்சம் இல்லாத அறையில் காய்ந்த இலைகளைப் பரப்பி எலியை விட்டுப் பார்த்தார். கூகை குறி தவறாமல் பிடித்தது. எலிக்குப் பதிலாக எலி அளவுள்ள காகித உருண்டையை இலைக்குள் இழுத்தபோது அதன் மேலும் பாய்ந்தது. வாசனையோ உடல் சூடோ அதற்குத் தேவைப்படவில்லை, சத்தம் ஒன்றே போதும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. பிறகு 1978-ல் எரிக் நுட்சென், மசகாசு கொனிஷி என்ற இருவர் கூகையின் மூளைக்குள் சத்தங்களுக்கென்றே ஒரு வரைபடம் இருப்பதைக் காட்டினார்கள். இடப்பக்கச் சத்தத்துக்கு ஒரு நரம்பணு, அதற்கு அடுத்த கோணத்துக்கு அடுத்த நரம்பணு என்று வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறது.

பறக்கும்போது சத்தமும் வராது. சிறகின் முன் விளிம்பில் சீப்பு மாதிரி பற்கள், பின் விளிம்பில் மெல்லிய குஞ்சம், மேற்பரப்பில் வெல்வெட் போன்ற பூமயிர் என்று காற்றின் இரைச்சலை அமுக்க மூன்று ஏற்பாடு. எலிக்குக் கேட்காமல் போவது ஒரு லாபம். தன் சிறகுச் சத்தம் தன் காதை மறைக்காமல் இருப்பது இன்னொரு லாபம்.

இவ்வளவு ஆயுதம் வைத்திருந்தும் கூகை மலாயாவில் நெடுநாள் அபூர்வமான பறவையாகத்தான் இருந்தது. தீபகற்பத்தில் அது கூடு கட்டிக் குஞ்சு பொரித்ததாகப் பதிவானதே 1960-களின் இறுதியில், ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனை வந்ததும் எலி பெருகியது. எலி பெருகியதும் கூகை வந்தது. ஆனால் செம்பனை மரத்தில் பொந்து கிடையாது. கூகைக்கோ பொந்து இல்லாமல் முட்டையிடத் தெரியாது. அதனால்தான் கம்பமும் பெட்டியும். 5 முதல் 10 ஹெக்டேருக்கு ஒரு பெட்டி என்பது தோட்டங்களில் சொல்லப்படும் கணக்கு.

எலி தோட்டத்துக்கு எவ்வளவு பெரிய செலவு என்பது வெட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். பழுத்த செம்பனைப் பழத்தின் சதையைக் கடித்துத் தின்றுவிட்டுக் கொட்டையை விட்டுவிடும். கட்டுப்படுத்தாமல் விட்டால் எண்ணெயில் ஏறத்தாழ 5 விழுக்காடு போய்விடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பழம் மட்டுமா? 1981-ல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து மகரந்தம் பரப்பும் கூன்வண்டைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள். அதற்கு முன்பு மகரந்தப் பொடியைக் கையால் தூவ ஆள் போட்டிருந்தார்கள். பல தோட்டங்களில் பெண்களுக்கு அது தினக்கூலி வேலை. வண்டு வந்ததும் அந்த வேலை போயிற்று. வண்டின் புழு ஆண் பூங்கொத்துக்குள் வளரும். எலி அதையும் கண்டுபிடித்துக் கொத்தைக் கிழித்துத் தின்ன ஆரம்பித்தது. பழத்தில் எண்ணெய், பூவில் புழு. அதற்கு வந்த வாழ்வு!

குஞ்சுகளோடு இருக்கும் ஒரு ஜோடிக் கூகை வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. என்ன தின்றது என்று கண்டுபிடிப்பதும் சுலபம். எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். பெட்டிக்குக் கீழே கிடக்கும் உருண்டையை உடைத்து மண்டையோட்டை எண்ணினால் முதல் நாள் கணக்கு வந்துவிடும்.

இங்கேதான் வேட்டைக்காரனின் பலவீனம் தொடங்குகிறது. கூகையின் பிழைப்பு அன்றாடங்காய்ச்சிப் பிழைப்பு. உடம்பில் பெரிய சேமிப்பு இல்லை. சில நாள் இரை கிடைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. நாலு முதல் ஏழு முட்டை வரை இடும். முதல் முட்டை இட்டதுமே அடைகாக்கத் தொடங்குவதால் குஞ்சுகள் ஒரே நாளில் பொரிவதில்லை. மூத்தது பறக்கப் பழகும்போது கடைக்குட்டி இன்னும் பஞ்சு உடம்போடு இருக்கும். எலி குறைந்தால் கடைக்குட்டிதான் முதலில் போகும். கூடு விட்டு வெளியேறுகிறவற்றிலும் நிறைய முதல் வருடத்தைத் தாண்டுவதில்லை. எலியோ வருடம் முழுவதும் குட்டி போடுகிறது. அதனால்தான் எலி ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பெருகிய தோட்டத்தில் கூகையை மட்டும் நம்பி இறங்கினால் வேலைக்காகாது. முதலில் மருந்து வைத்துக் குறைத்துவிட்டு, பிறகு ஏறாமல் பார்த்துக்கொள்ளத்தான் கூகை உதவும்.

பகலில் இதே வேலையை வேறொரு பறவை செய்கிறது. மறுநடவு செய்த இளஞ்செம்பனைப் பகுதிகளில், சிவந்த கண்ணும் வெள்ளை வயிறும் தோளில் கறுப்புத் திட்டுமாக, அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் சின்னப் பருந்து. பார்க்க அழகு. ஆனால் எலி ராத்திரி உலாவும் பிராணி என்பதால் பெரிய பங்கு கூகைக்குத்தான்.

சரி, உண்ணிக்கு வருவோம்.

உண்ணி பூச்சி இல்லை, சிலந்தி இனத்து உறவு. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால், முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு ஆறு. உலகத்தில் ஏறக்குறைய 900 வகை உண்ணி இருக்கின்றன. நம் லயங்களிலும் தாமான்களிலும் நாயைப் பிடித்திருப்பது பழுப்பு நாய் உண்ணி. மாட்டைப் பிடிப்பது வேறு. எலியைப் பிடிப்பவை வேறு.

இரை தேடும் முறையில் கூகைக்கு நேர் எதிர். ஓடாது, பாயாது, பறக்காது. புல்லின் நுனியிலோ சுவரோரத்திலோ ஏறி, முன்னங்கால்கள் இரண்டையும் விரித்து நீட்டிக் காத்திருக்கும். அந்த முன்னங்கால் நுனியில் ஹாலர் உறுப்பு என்று ஒரு சின்னக் குழி இருக்கிறது. மூச்சில் வரும் கரியமில வாயு, வேர்வை வாசனை, உடம்புச் சூடு எல்லாவற்றையும் அந்தக் குழியால்தான் அறிகிறது. நாய் உரசிக்கொண்டு போகும் கணத்தில் பற்றிக்கொள்ளும். நாய் வரவில்லையா? காத்திருக்கும். வளர்ந்த நாய் உண்ணி தண்ணியில்லை, சாப்பாடில்லை என்ற நிலையிலும் மாதக்கணக்கில் இருக்கும். தோதான ஈரம் இருந்தால் வருடத்துக்கு மேலும் இழுக்கும். ஒரு வாரம் பட்டினி கிடந்தால் கூகையின் கதை முடிந்துவிடும் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடிக்கும் விதமும் நுணுக்கமானது. தோலைக் கீறி, பின்னோக்கிய முட்கள் கொண்ட ஊசி போன்ற வாயை உள்ளே இறக்கும். பல வகைகள் சிமெண்ட் மாதிரி ஒரு பசையைச் சுரந்து தங்களை அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இழுத்தால் வருவதில்லை. வலி தெரியாமலிருக்க, ரத்தம் உறையாமலிருக்க, நாயின் உடம்பு எதிர்த்துப் போராடாமலிருக்க என்று எச்சிலில் தனித்தனிச் சரக்கு வைத்திருக்கிறது. குடித்த ரத்தத்திலுள்ள தண்ணீரை வடித்து எச்சிலாகத் திரும்ப நாயின் உடம்புக்குள்ளேயே விட்டுவிடும். சத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருந்த பெண் உண்ணி ஒரு சென்டிமீட்டருக்குப் பருத்து, எடையில் நூறு மடங்கு வரை ஏறிவிடும்.

மடியில் ஒட்டிக்கிடக்கும் உண்ணிக்குப் பால் தெரியாது, ரத்தம்தான் தெரியும் என்று மாடு வைத்திருந்த பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் ரத்தம் முழுச் சாப்பாடு இல்லை. அதில் பி வகை வைட்டமின்கள் போதாது. அந்தக் குறையைத் தீர்க்க உண்ணியின் உடம்புக்குள்ளேயே சில பாக்டீரியாக்கள் குடியிருந்து வைட்டமின் செய்து கொடுக்கின்றன. ஒட்டுண்ணிக்குள்ளே ஒரு சமையல்காரன்.

பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலிலோ பலகை இடுக்கிலோ போய் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். கூகை பெட்டியில் போட்ட ஏழு முட்டையை இதன் பக்கத்தில் வையுங்கள். நாய் உண்ணி குஞ்சாக ஒரு தடவை, அடுத்த பருவத்தில் ஒரு தடவை, வளர்ந்து ஒரு தடவை என்று மூன்று முறை நாயின் மேல் ஏறி மூன்று முறையும் இறங்கும். மாட்டு உண்ணி அப்படி இல்லை. ஒரு மாட்டில் ஏறினால் மூன்று பருவத்தையும் அங்கேயே முடித்துக்கொண்டு சுமார் மூன்று வாரத்தில் இறங்கும். இரண்டுக்கும் மருந்து வைக்கும் முறையே மாறுவது இதனால்தான்.

நோய் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கூகை எலியைக் கொல்கிறது, அத்துடன் சரி. உண்ணி குடிக்கும் ரத்தம் பெரும்பாலும் கொஞ்சம்தான். ஆனால் குடித்துக்கொண்டே எச்சிலை உள்ளே விடுகிறதே, அதில் யார் யார் பயணம் செய்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை. 1893-ல் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் அமெரிக்க மாடுகளைச் சாகடித்த டெக்ஸஸ் காய்ச்சல் உண்ணி வழியாகப் பரவுகிறது என்று நிரூபித்தார்கள். கணுக்காலிகள் நோய்க்கிருமியைப் பாலூட்டிகளுக்குக் கடத்தும் என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான ஆதாரங்களில் ஒன்று அது. கொசு மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் கண்டது அதற்குப் பிறகுதான். நம் ஊர் நாய்களுக்கு உண்ணி கொடுக்கும் எர்லிகியா என்ற பாக்டீரியா, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்து, சில சமயம் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகும். யாரோ அடித்துவிட்டார்கள் என்று நினைப்போம். சீக்கிரம் கொண்டுபோனால் டாக்ஸிசைக்கிளின் மருந்தில் பெரும்பாலும் தேறிவிடும்.

சிலாங்கூரில் கண்டுபிடித்த ஒரு கிருமியும் உண்டு. 1956-ல் உலு லங்காட் பக்கம் எலிகளின் மேல் இருந்த உண்ணிகளிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்து லங்காட் வைரஸ் என்று பெயர் வைத்தார்கள். மனிதருக்கு இயற்கையாக அதனால் பெரிய நோய் வந்ததில்லை. ஆனால் ஐரோப்பாவிலும் ரஷ்யாவிலும் மூளைக் காய்ச்சல் கொடுக்கும் உண்ணி வைரஸ்களுக்கு அது நெருங்கிய சொந்தம் என்பதால் ஆய்வுக்கூடங்களில் பேர்பெற்றது. உண்ணியின் தூரத்துச் சொந்தமான சிற்றுண்ணி, அதாவது கண்ணுக்கே தெரியாத சிவப்புப் பொடி மாதிரி இருக்குமே அது, எலிகள் திரியும் லாலாங் புல்லில் இருந்துகொண்டு, அங்கே வரும் தோட்டத் தொழிலாளிகளைக் கடித்துப் புதர்க் காய்ச்சலைக் கொடுத்தது. அந்தக் காலத்தில் அதற்கு மருந்தே கிடையாது. 1948-ல் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக்கழகத்தில் அமெரிக்கர் ஜோசப் ஸ்மேடலின் குழுவினர் குளோராம்பெனிக்கால் கொடுத்துக் குணப்படுத்திக் காட்டினார்கள். உலகத்துக்கே உதவிய அந்தச் சோதனை நடந்தது நம் எஸ்டேட் நாட்டில் என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

இனி விஷத்தின் கதை. யார் பலசாலி என்பது இதில்தான் முடிவாகிறது.

எலிக்கு வைக்கும் மருந்தும் உண்ணியின் எச்சிலும் அடிப்படையில் ஒரே வேலையைச் செய்கின்றன: ரத்தத்தை உறையவிடாமல் தடுப்பது. உண்ணி அதைக் கடிவாயில் ஒரு புள்ளி அளவுக்கு, ஆளைக் கொல்லாத அளவுக்குச் செய்கிறது. எலி மருந்து உடம்பு முழுக்கச் செய்து உள்ளுக்குள் ரத்தம் கசிய வைத்துக் கொல்கிறது. வார்ஃபரின் அப்படித்தான் 1948-ல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. பிற்பாடு மனிதருக்கும் மருந்தாகி, இதய நோய்க்காரர்கள் பலர் இன்றைக்கும் அளவு பார்த்துச் சாப்பிடுகிறார்கள். தோட்டங்களில் வார்ஃபரின் வைத்து வைத்து, ஒரு கட்டத்தில் எலிகள் அதற்கு அசையாமல் நின்றன. உடனே அதைவிடக் கடுமையான இரண்டாம் தலைமுறை மருந்துகள் வந்தன. அவற்றில் பேர் போனது ப்ரோடிஃபாக்கும். இது எலியின் ஈரலில் நெடுநாள் தங்கும். மருந்து தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலியைப் பிடிப்பது கூகைக்குச் சுலபம். அப்படிப் பிடித்துத் தின்ற கூகைகள் செத்தன. 1980-களில் இந்த மருந்து வைத்த மலேசியத் தோட்டங்களில் கூகைகள் குறைந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பெட்டி வைத்து வரவழைத்த பறவையை, அதன் சாப்பாட்டிலேயே விஷம் வைத்துக் கொன்ற மாதிரி ஆகிவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

இதே மாதிரித் தாக்குதலை உண்ணி எத்தனையோ பார்த்துவிட்டது. மாட்டு உண்ணிக்கு முதலில் ஆர்சனிக் கலந்த தொட்டியில் மாட்டை முக்கி எடுத்தார்கள். 1930-களிலேயே ஆஸ்திரேலியாவில் ஆர்சனிக்குக்கு அசையாத உண்ணிகள் வந்துவிட்டன. பிறகு டிடிடி, அதன்பின் பாஸ்பரஸ் மருந்துகள், அதன்பின் பைரித்ராய்டுகள். ஒவ்வொன்றும் சில காலம் வேலை செய்தது, பிறகு தோற்றது. ஒவ்வொரு தாயும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிற, வருடத்துக்குப் பல தலைமுறை பார்க்கிற கூட்டத்தில், மருந்துக்குத் தாக்குப்பிடிக்கிற நாலு பேர் எங்கேயாவது இருந்தே தீருவார்கள். மற்றவர்கள் செத்த இடத்தை அவர்களின் பிள்ளைகள் நிரப்பிவிடுவார்கள். வருடத்துக்குச் சில குஞ்சுகளை மட்டும் கரையேற்றுகிற கூகைக்கு அந்த வசதி கிடையாது. நூறு ஏக்கரில் இருந்த ஐந்து ஜோடியில் மூன்று செத்தால், மிச்சம் இரண்டுதான். இரைக்கு மேலே நிற்பவன் எப்போதும் சிறுபான்மை.

மாடு தரப்பையும் பார்க்கலாம். களைக்கொல்லிச் செலவைக் குறைக்கச் செம்பனைக்குக் கீழே மாடு மேய விடும் தோட்டங்கள் மலேசியாவில் நிறைய இருக்கின்றன. நிழல், ஈரம், வெப்பம் மூன்றும் உண்ணிக்கு ஏற்றவை. நம் பக்கத்துக் கெடா-கிளந்தான் மாடு திமில் இனத்தைச் சேர்ந்தது. இந்தியாவிலிருந்து வந்த மாடுகளும் அப்படியே. இவற்றின் தோலும் ரத்தமும் தலைமுறை தலைமுறையாக உண்ணியைச் சமாளித்துப் பழகியவை, ஏறுகிற குஞ்சுகளில் பெரும்பகுதியைத் தங்கவிடாது. பால் அதிகம் கறக்கும் என்று கொண்டுவந்த ஐரோப்பிய பிரீசியனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால் கலப்பு மாடு வைத்திருப்பவருக்குத்தான் உண்ணி மருந்துச் செலவு அதிகம்.

ஒட்டுண்ணிக்கும் இடங்கொடுத்தவனுக்கும் உள்ள உறவு இப்படி உள்ளுக்குள் நடக்கும் சண்டை. இதைப் பயன்படுத்திக்கொண்டு 1990-களில் ஆஸ்திரேலியாவிலும் கியூபாவிலும் உண்ணிக்குத் தடுப்பூசி செய்தார்கள். உண்ணியின் குடலில் உள்ள ஒரு புரதத்தை மாட்டுக்கு ஊசியாகப் போடுவார்கள். மாட்டின் ரத்தத்தில் அதற்கு எதிர்ப்புப் பொருள் உண்டாகும். உண்ணி அந்த ரத்தத்தைக் குடித்ததும் அதன் குடல் சேதமாகும். கூகைக்கு எதிராக எலிக்குத் தடுப்பூசி போட முடியாது. எலியின் ஒரே மருந்து ஓட்டம்தான்.

இன்றைக்கு மிருக வைத்தியர்கள் நாய்க்குக் கொடுக்கும் உண்ணி மாத்திரையும் இதே வழியில்தான் போகிறது. மாத்திரை நாயின் ரத்தத்தில் கலக்கும், கடித்த உண்ணி குடித்துச் சாகும். யோசித்துப் பார்த்தால் கூகையைக் கொன்ற வழியும் இதுதான், அங்கே இரையின் ஈரல், இங்கே ரத்தம். ஒன்று தவறிப்போய் நடந்தது, மற்றது திட்டம் போட்டுச் செய்வது. வகையைப் பொறுத்து மாத்திரை ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை வேலை செய்யும்.

ஆனால் ஒரு மாத்திரையோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். நாயின் மேல் கண்ணில் படும் உண்ணி, வீட்டில் இருப்பதில் ஒரு பங்குதான். மிச்சம் முட்டையாகவும் குஞ்சாகவும் பலகைச் சுவரிலும் சிமெண்ட் விரிசலிலும் நாய் படுக்கும் சாக்கின் மடிப்பிலும் இருக்கிறது. அவை ஒவ்வொன்றாகப் பசித்து வெளியே வந்து மருந்துள்ள ரத்தத்தைக் குடிக்கும்வரை நாயை விடாமல் மருந்தில் வைத்திருக்க வேண்டும். பிடுங்குவதாக இருந்தால் மண்ணெண்ணெய், நெருப்புக் குச்சி வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் போதும். வெறுங்கையால் நசுக்குவதும் வேண்டாம், உள்ளே இருக்கும் ரத்தம் விரலில் படும். லயத்தில் ஆறு வீட்டு நாய்களும் ஒரே நிழலில் படுப்பவையாக இருந்தால் ஆறுக்கும் ஒரே சமயத்தில் மாத்திரை கொடுத்தாக வேண்டும். எஸ்டேட் நிர்வாகத்துக்கு எழுதிப்போடும்போது, எலிக்கு வார்ஃபரின் மாதிரி முதல் தலைமுறை மருந்தையே கேட்டு, அதையும் கூகை குஞ்சு வைத்திருக்கும் பெட்டிகளிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.